திருப்பூருக்கு ஸ்டூல் அளக்கப் போனேன்

நல்லூரிலிருந்து நல்லூருக்குப் போகிறேன் என்றதும் அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு விசரே பிள்ளை?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் திருப்பூரிலும் ஒரு நல்லூர் இருப்பது அதுவரை தெரியாது. எனக்கு அறை ஒழுங்கு செய்திருந்தது அங்கேதான். பயணத்துக்குக் காரணம் இதைவிட வேடிக்கை. ஸ்டூல்களைப் பார்க்கப் போனேன். முதுகு சாய்க்க இடமில்லாத, நாலு கால் உள்ள, சாதாரண உயரமான ஸ்டூல்கள்!

விஷயம் இதுதான். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த உடுப்பெல்லாம் செக்கிங் மேசைக்கு வரும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் பெண்கள் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரைக்கும் நின்றபடி. அவர்களை உட்கார வைத்தால் கண் கூர்மையாகுமா, வேலை சுணங்குமா? இதை அறிய ஒரு கம்பெனியில் இரண்டு மேசைகளை எடுத்து, ஒன்றுக்கு ஸ்டூல் கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல் மாதக்கணக்கில் அளந்தார்கள். கோயம்புத்தூர் ஆய்வுக்குழு ஒன்றும் யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் சின்ன ஆய்வு நிலையமும் சேர்ந்து செய்த வேலை. கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை அதன் முடிவுக்காகக் காத்திருந்தது. ஸ்டூல் வாங்குவதா வேண்டாமா என்று அவர்களுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

முடிவு வந்தது. வித்தியாசம் இல்லை. துளிகூட இல்லை!

எங்கள் இயக்குநர் அந்தத் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "கௌரி, இலக்கத்தை நம்பலாம். ஆனா எழுத முந்தி ஒருக்கா கண்ணாலை பாத்திட்டு வாரும்" என்றார். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மெஸ் ஒன்றில் 'சந்தகை' என்று ஒன்று வைத்தார்கள். பார்த்தால் எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட தங்கை. இடியப்பம் பிழிந்துவிட்டு அவிப்போம், இவர்கள் அவித்துவிட்டுப் பிழிகிறார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிட வேண்டுமாம். நாங்கள் இடியப்பத்துக்கு விடுகிற தேங்காய்ப்பால் குழம்பான சொதி கேட்டேன். பரிமாறியவர் முகம் வாடிவிட்டது. "அதென்னங்க, சொல்லுங்க, நாளைக்கு வேணா பண்ணிப் பாக்கறோம்" என்றார். எங்கள் ஊர்க் கடையில் இப்படிக் கேட்டிருந்தால், "இருக்கிறதைச் சாப்பிடும்" என்றிருப்பார்கள். வெட்கத்தில் இன்னொரு தட்டு சந்தகை வாங்கினேன். நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது.

ஆட்டோக்காரர் மூலனூர்க்காரர். நான் இலங்கை என்று தெரிந்ததும் அரசியல் பேசுவார் என்று நினைத்தேன். அவர் முருங்கைக்காய் பேசினார்.

"எங்கூரு முருங்கக்காய் சந்தையப் பாத்திருக்கீங்களா? லாரி லாரியா போகுமுங்க."

"எங்கட சாவகச்சேரி முருங்கைக்காயை நீங்கள் சாப்பிட்டிருக்கமாட்டியள்" என்றேன்.

"இருக்கட்டுங்க. அதும் நல்லாத்தானுங்க இருக்கும்" என்றார். இந்த மனிதர்களோடு சண்டையே பிடிக்க முடியாது போலிருக்கிறது. எதிர்த்துப் பேசும்போதும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல் பேசுகிறார்கள்.

கம்பெனி முதலாளி கந்தசாமி வாசல்வரை வந்து கும்பிட்டார். நெற்றி நிறைய விபூதி. தாத்தா காலம்வரை தறி போட்ட குடும்பம், இப்போது டி-ஷர்ட் தைத்துக் கடல் கடந்து அனுப்புகிறார். மேசைக்குப் பின்னால் பெரிய முருகன் படம். "எங்கட ஊர் நல்லூரிலையும் கந்தன்தான்" என்றதும் எழுந்து நின்று படத்தைப் பார்த்து ஒரு தரம் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்தும் கும்பிட்டார்.

ஆனால் வியாபாரம் என்று வந்ததும் ஆள் கறார். "பாருங்க மேடம், ஒரு ஓட்டை பீஸ் இங்க தப்புச்சுன்னா, அங்க பாத்துட்டு லோடையே திருப்பி உட்டுருவானுங்க. ஸ்டூலு போட்டா அது கொறையும்னாங்க, போட்டேன். கொறையலைன்னு உங்காளுங்களே சொல்றாங்க. அப்பறம் எதுக்குங்க எடத்த அடைச்சுக்கிட்டு? வெள்ளிக்கெழம தொழிலாளர் நல அதிகாரியம்மா வர்றாங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டு எடுத்தரலாமுங்க."

அந்த அதிகாரி, மாவட்டத்தில் உள்ள சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் ஸ்டூல் போடச் சொல்வதா இல்லையா என்று இந்த முடிவை வைத்துத்தான் தீர்மானிக்கப் போகிறார். ஆக, இந்த ஒரு கூடத்தைப் பார்த்துத் திருப்பூரும் கிளிநொச்சியும் முடிவெடுக்கப் போகின்றன.

செக்கிங் கூடத்துக்குள் போனோம். குழல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நீள மேசைகள். இரண்டாம் மேசைப் பெண்கள் நின்றுகொண்டு வேலை செய்தார்கள், சரி. முதல் மேசைப் பெண்களுக்குப் பின்னால் ஸ்டூல்கள் வரிசையாக, பளபளவென்று இருந்தன. அவர்களும் நின்றுகொண்டுதான் வேலை செய்தார்கள்!

அளக்கிறவர் நவீன், கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது, வலு ஒழுங்கான மனிதர். மேசையோரம் கைபேசியில் நேரம் வைத்து, கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றார். "வாராவாரம் வர்றேன் மேடம். எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றார். கம்பெனியில் இரண்டு மேசைக்கும் சேர்த்தே மொத்தமாகக் கணக்கு வைப்பதால், தனித்தனியாக எங்களுக்கு இருந்தது இவர் அளந்தது மட்டும்தான்.

முதல் மேசையின் தலைமாட்டில் நின்றவர் ஜெபராணி. தூத்துக்குடிப் பக்கம். பன்னிரண்டாவது படிக்கும் மகளோடு திருப்பூரில் வாடகைக்கு இருக்கிறார். பதினொரு மணி தேநீர் இடைவேளையில் அவரோடு வெளியே வந்தேன். தெருவெங்கும் கம்பெனிப் பெண்கள், கையில் கண்ணாடிக் கிளாஸ், பேப்பரில் போண்டா. ஒரு ஊரே ஒரே நேரத்தில் தேநீர் குடிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"ஸ்டூலாலை பிரயோசனம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் இப்படிக் கேக்கிய? சாயங்காலம் ஆச்சுன்னா காலு தடிச்சு செருப்புக்குள்ள நொழைய மாட்டேங்கும். நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கும். ஸ்டூலு வந்த பொறவுதான் ஒண்ணரை ஷிப்டு பாக்கேன். அத எடுத்துட்டா நான் ஊருக்குப் போயிருவேன் மேடம். பிள்ளை படிப்பு பாதியில நிக்கும், என்ன செய்ய?"

ஒன்றரை ஷிப்ட் என்றால் பகல் வேலைக்கு மேல் இரவுவரை இன்னொரு அரைப்பங்கு. சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, கூடவே எரிச்சலும் வந்தது. நிற்கிற மனுஷிக்கு ஸ்டூல் எப்படி உதவும்? மனம் நோகக்கூடாது என்று எனக்காகச் சொல்கிறாரோ?

செவ்வாய்க்கிழமையும் அதே காட்சி. நவீனோடு போனேன். முதல் மேசை நின்றது. இரண்டாம் மேசை நின்றது. ஸ்டூல்கள் சும்மா இருந்தன. மாலையில் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு வடநாட்டுப் பெண்கள். எனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியில் காது கொடுத்தேன். ஒருத்தி சொன்னாள்: "இந்த ஊரில் சூப்பர்வைசர் திட்டுகிறாரா, சாப்பிடக் கூப்பிடுகிறாரா என்றே தெரியவில்லை. இரண்டும் ஒரே குரல்." மற்றவள் சிரித்துச் சிரித்துத் தோழியின் தோளில் சாய்ந்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு மனதுக்குள் அறிக்கையின் முதல் வரி தயாராகிவிட்டது: ஸ்டூல் கொடுத்தும் பெண்கள் பயன்படுத்தவில்லை.

புதன்கிழமை. பெண்களோடு பெண்ணாகக் கம்பெனி வேனில் போனால் என்ன என்று ஒரு ஆசை. நல்லூர் முனையில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று ஒரு அக்கா கையைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் சோற்றுத் தூக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு இலகுவாகக் கலந்துவிட்டேன்!

இறங்கிப் பார்த்தால் வேறு கம்பெனி.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "புதுசுங்களா? டெய்லருங்களா, கைமடிங்களா?" கைமடி என்றால் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கும் உதவியாள்.

"இல்லை, நான் ஆராய்ச்சி" என்றேன்.

அவர் யோசித்தார். "அது எந்த செக்சனுங்க?"

ஐயோ கடவுளே! விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தேநீரும் வந்துவிட்டது. அதைக் குடிக்காமல் விட மாட்டோம் என்றார்கள். பிறகு ஆட்டோ பிடித்தால், ஒரு லாரி தெருவை அடைத்துக்கொண்டு துணி உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கி நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நான் கம்பெனியை அடைந்தபோது முன்வாசல் பூட்டியிருந்தது. காவலாளி சரக்கு ஏற்றும் பின்வாசலைக் காட்டினார்.

பின்வாசல் பேக்கிங் பகுதிக்குள் திறக்கும். ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அவற்றைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தேன்.

முதல் மேசைப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்!

ஜெபராணி ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, டி-ஷர்ட்டின் கழுத்தை விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வசந்தாமணி. கோபிப் பக்கத்துக்காரர், வாய் ஓயாத மனுஷி. உட்கார்ந்தபடியே ஏதோ கதை சொல்லச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கைகள் மட்டும் நிற்கவேயில்லை.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். வசந்தாமணி கண்டுவிட்டார். அவ்வளவுதான். வரிசை முழுவதும் ஒரே மூச்சில் எழும்பி நின்றது. ஸ்டூல்கள் பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கடகடவென்று கேட்டது. திங்களும் செவ்வாயும் நான் பார்த்த அதே காட்சி என் கண் முன்னே உருவாகி முடிந்தது.

"இருங்கோ! இருங்கோ! ஏன் எழும்பினீங்கள்?" நான் கத்தியதில் இரண்டாம் மேசையும் திரும்பிப் பார்த்தது.

வசந்தாமணிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஏனுங்க மேடம், நீங்க நின்னுட்டிருக்கறப்ப நாங்க ஒக்காந்துட்டிருந்தா நல்லாவாங்க இருக்கும்?"

"நவீன் வரேக்க?"

"சாரு பாவமுங்க, ஒரு மணி நேரம் கால்கடுக்க நின்னுட்டு அளக்கறாரு. அவரு முன்னால எப்படீங்க ஒக்கார்றது? அவரு போனதும் ஒக்காந்துக்குவோமுங்க."

"ஒவ்வொரு கிழமையுமோ?"

"ஆமாங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

நான் ஒற்றைச் செருப்போடு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஜெபராணி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மாதக்கணக்கில், வாராவாரம், நேரம் பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல், உட்காருகிறவர்களை நிற்க வைத்து அளந்திருக்கிறோம்!

இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்ப கௌரி, இவ்வளவு நாளும் நாங்கள் எதை அளந்தனாங்கள்?"

"மரியாதையை அளந்தனாங்கள், சேர்."

கந்தசாமியிடம் போனேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "நாளைக்கு ஒரு நாள்தானுங்க இருக்குது. வேணும்னா அளந்து பாருங்க. ஆனா சும்மா அளந்தா பத்தாது. நானே டேமேஜ் பீஸ் பொறுக்கித் தர்றேன். அதைய கட்டுக்குள்ள கலந்து உடுங்க. யாரு எத்தனை புடிக்கறாங்கன்னு பாத்தரலாம்." பாருங்கள், மனிதர் ஆய்வாளராகவே மாறிவிட்டார்! மாலை முழுக்க டேமேஜ் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஊசிமுனை ஓட்டைகளாகத் தேடி எடுத்தார். "இதைய எவளாலயும் புடிக்க முடியாதுங்க" என்று ஒன்றை விளக்கில் காட்டியபோது அந்த முகத்தில் இருந்த குறும்பைப் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை நவீனுக்கு நான் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். உள்ளே போனதும் முதலில் நீங்கள் உட்காருங்கள். அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு நுனியில் ஒட்டிக்கொண்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள், உடனே எழும்பினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"சாரு, நல்லா ஒக்காருங்க சாரு. பாதி ஒக்காந்திருக்கீங்க, எங்களுக்கும் பாதிதான் ஒக்காரத் தோணுது" என்றார் வசந்தாமணி. கூடம் முழுக்கச் சிரிப்பு. நவீன் முகம் சிவந்து பின்னால் தள்ளி உட்கார்ந்தார். அதன்பின் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளத்தோடு ஓட்டை பீஸ்களை இரண்டு மேசைக்கும் சரிசமமாகக் கலந்து விட்டோம்.

மத்தியானம்வரை வித்தியாசம் இல்லை. அரிசிம்பருப்பு சாதமும் மேலே நெய்யும் வைத்தார்கள். என்ன ருசியென்று நினைவில்லை, அவ்வளவு பதற்றம். மூன்று மணிக்கும் வித்தியாசம் இல்லை. கந்தசாமி அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலைத் தேநீர் முடிந்தது. அதற்குப் பிறகு பாருங்கள் வேடிக்கையை! இரண்டாம் மேசைப் பெண்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கத் தொடங்கினார்கள். மேசையில் முழங்கையை ஊன்றினார்கள். ஓட்டைகள் அவர்கள் கைக்குள்ளால் நழுவிப்போயின. முதல் மேசையோ காலையில் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தது. யாராலும் பிடிக்க முடியாது என்று முதலாளி சவால் விட்ட பீஸை ஜெபராணி தூக்கி, "இன்னா பாருங்க, கொசு கடிச்ச மாதிரி ஒண்ணு" என்றார். நான் துள்ளிக் குதித்ததில் மறு செருப்பின் வாரும் அறுந்தது.

கந்தசாமி இரவு வரைக்கும் நின்று பார்த்தார். "நம்ம லோடத் திருப்பற ஓட்டையெல்லாம் இந்த அரை ஷிப்டுலதானுங்க தப்பிச்சுப் போகுது போல" என்று மெதுவாகச் சொன்னார். ஒரு நாள் அளவை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்லக்கூடாது என்று நானும் நேர்மையாகச் சொன்னேன். சொல்ல விருப்பமே இல்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஐம்பது வயது, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, பின்னால் இரண்டு ஊழியர்கள். கந்தசாமி கைகூப்பியபடி பக்கவாட்டில் நடந்து வந்தார். பெண்களிடம் நான் காலையிலேயே கெஞ்சியிருந்தேன்: "ஆர் வந்தாலும் எழும்பாதேங்கோ. எழும்பினா எல்லாம் போச்சு." ஆனால் அரசாங்க அதிகாரி, பக்கத்தில் முதலாளி! வசந்தாமணியின் உடம்பு தானாகவே பாதி எழும்பிவிட்டது. அவர் பின்னால் வரிசை முழுக்க அசைந்தது.

ஜெபராணி இடக்கையால் வசந்தாமணியின் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு, தான் எழும்பாமலே, பக்கத்தில் இருந்த வெறும் ஸ்டூலைக் காலால் மெல்லத் தள்ளி அதிகாரியின் முன்னால் விட்டார்.

"உக்காருங்கம்மா. நீங்க நின்னா எங்களுக்கு உக்கார முடியலைல்லா."

அதிகாரி ஸ்டூலைப் பார்த்தார், ஜெபராணியைப் பார்த்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "எங்க, எனக்கும் ஒரு பீஸ் குடுங்க, பாக்கறேன்" என்று டி-ஷர்ட்டை வாங்கி விரித்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மரியாதையை அளந்த கதைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு தலையைத் திருப்பினார். "அந்த டேபிள்ல ஏன் நிக்கிறாங்க?"

"ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு நிக்கணும்?"

ஆய்வு முறைப்படி சொன்னால் இன்னும் பல மாதம். வாயைத் திறந்தேன். அப்போதுதான் தலையில் மின்னல் அடித்தது! நின்றால் எப்படி என்று தெரிய இனி யாரும் நிற்கத் தேவையில்லையே. இரண்டாம் மேசை நின்று செய்த வேலையை நவீன் இத்தனை மாதமும், நேற்று இரவு வரைக்கும், ஒழுங்காக அளந்து வைத்திருக்கிறார். அந்தப் பாதி அளவு பழுதில்லை!

"இனி நிக்கத் தேவையில்லை அம்மா! அவை நிண்டதை நாங்கள் அளந்து முடிச்சிட்டம். இனி அவையையும் இருத்தி அளந்தாக் காணும்" என்றேன், சந்தோஷத்தில் யாழ்ப்பாணத் தமிழ் கொட்டிவிட்டது. நவீன் வேகவேகமாகத் தலையாட்டினார்.

அதிகாரி கந்தசாமியைப் பார்த்தார். அவர் உட்கார இடம் தேடிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் மிச்சமில்லை. "அந்த டேபிளுக்கும் போட்டர்றனுங்க" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற தன் சூப்பர்வைசரிடம், "அப்படியே எனக்கும் ஒண்ணு சேத்திச் சொல்லிருங்க சாமி" என்றார். இந்த அளவு முடிந்ததும் மற்றக் கம்பெனிகளைப் பற்றிப் பேசலாம், அதுவரை ஒரு ஸ்டூலும் வெளியே போகக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டு எழுந்தார். கிளிநொச்சிக்கு நான் எழுதிய செய்தியில் முதல் வரி இதுதான்: அளக்கப் போகிறவர் முதலில் உட்கார வேண்டும்.

சனிக்கிழமை விடைபெறப் போனேன். முதலாளி பழநிப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். ஆட்டோக்காரர் ஒரு கட்டு மூலனூர் முருங்கைக்காய் கொண்டுவந்து, "உங்கூருக் காயோட வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். விமானத்தில் விடுவார்களா என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கூடத்தில் இரண்டாம் மேசைக்கும் ஸ்டூல் வந்திருந்தது. பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்றேன். பழக்க தோஷத்தில் வரிசை அசைந்தது.

ஜெபராணி மட்டும் அசையவில்லை. கம்பியில் தூக்கி வைத்த காலை எடுக்காமலே கையை உயர்த்தினார்.

"போயிட்டு வாங்க மேடம். நான் எந்திரிக்கலை, பாத்துக்கோங்க."